குசேலரிடம் கண்ணன் முதலில் கேட்டது என்ன?

உங்களோடு கல்லூரியில் படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேர்வன்று ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்து அழுதவள், டிபன் பாக்ஸில் உங்களுக்கென்று தனியாகப் புளிசாதம் கொண்டுவந்தவள், ஆண்டு விழாவில் மீசை ஒட்டிக்கொண்டு கோவலன் வேஷம் கட்டியவள்... முகங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் இப்போது? யாராவது ஒருத்தியைக் கல்யாண மண்டபத்திலோ, திருச்செந்தூர் தரிசன வரிசையிலோ பார்த்தால்தான் மற்றவர்களைப் பற்றிய செய்தி வரும். அதுவும் ஒரே மூச்சில் வரும். ‘அவ டெபுடி தாசில்தார் ஆயிட்டாடி!’, ‘இவ மூத்தவனுக்கு மெடிக்கல் சீட் கிடைச்சிருச்சாம்!’, ‘அவளுக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கறாளாம்’, ‘உனக்குத் தெரியாதா? அவ வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார்...’

இருபத்தைந்து வயதில் வரும் செய்திகள் வேறு. கல்யாணம், வளைகாப்பு, குழந்தைக்குப் பெயர் வைத்தது என்று எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். நாற்பதை நெருங்கும்போதுதான் பாதைகள் பிரிந்துபோனது தெரிகிறது. ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறாள். ஒருத்தி மாமியாருக்குப் படுக்கையிலேயே பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். ஒருத்தி வீட்டில் மாவு அரைத்து விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நன்னூல் சூத்திரத்தை ஒப்பித்தவர்கள்!

இந்தச் செய்திகளைக் கேட்கும்போது உங்கள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா?

வெளியே ‘அப்படியா, ரொம்ப சந்தோஷம்’ என்றுதான் சொல்வோம். உள்ளே ஒரு தராசு ஆடும். அவள் தட்டு உயர்ந்தால் நமக்குச் சுருக்கென்கிறது. அவள் தட்டு தாழ்ந்தால்... சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ‘நாம பரவாயில்லை’ என்று ஓர் ஆறுதல். உடனே, ‘சே! நான் என்ன ஜென்மம்’ என்று சுவாமி படத்தின் முன்னால் போய் நிற்கிறோம். வாசகியர் பலர் ஆசிரியர் குழுவுக்கு எழுதும் கடிதங்களில் இதைப் பாவம் என்றே எழுதுகிறார்கள், பரிகாரம்கூடக் கேட்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூடான பாத்திரத்தில் விரல் பட்டால் ‘ஆ’ என்று கை பின்வாங்குகிறதே, அதுபோலத்தான் அந்த முதல் சுருக்கும். நாம் அழைத்து வருவதில்லை. திருவள்ளுவர் பொறாமை கூடாது என்பதற்கு ‘அழுக்காறாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார் என்றால், அது எல்லோர் மனசிலும் தலைகாட்டும் என்று அவருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். யோசிக்க வேண்டிய விஷயம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு, அந்தத் தோழி நம் மனசில் யாராக ஆகிறாள் என்பதுதான் அது.

எனக்கு இதைப் புரியவைத்தவள் சோழபுரத்துத் தோழி ஒருத்தி. ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிற அந்தச் சோழபுரம்தான். தஞ்சைப் பக்கத்துச் சோழபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அவள் சம்மதித்தாள்.

பி.ஏ. தமிழ் வகுப்பில் நாங்கள் 31 பேர். அவள்தான் முதல் மார்க். சிலப்பதிகாரத்தில் எந்தக் காதையில் எந்த இடம் என்று கேட்டால், புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுவாள். பேராசிரியராக வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கடைசித் தேர்வு முடிந்த மறு மாதமே கல்யாணம். அப்புறம் பல வருஷம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. கணவரோடு ஒத்துப்போகவில்லை, பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள், சோழபுரத்திலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள் என்று.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. மதுரையில் ஆபரேஷன். அதன் பிறகு கீமோ. இது எங்களில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். ஆஸ்பத்திரியில் தற்செயலாகப் பார்த்துவிட்டாள். அப்போது சோழபுரத்துக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். “நம்ம பிள்ளைங்க யாருக்கும் சொல்லாதடி.”

டீச்சர் சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை! இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சோழபுரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு விசேஷத்துக்குக் கூப்பிட்டால்கூட, “அன்னைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு” என்பாள். ‘ரொம்பத்தான் பிகு பண்ணுறா’ என்று பேச்சுக்கூட வந்தது.

விஷயம் கடைசியில் தெரிந்தபோது (சோழபுரத்துக்காரி தானாகத்தான் சொன்னாள்) எங்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது. “நாங்க என்ன வேத்து மனுஷியா? தெரிஞ்சிருந்தா ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டிருக்க மாட்டோமா? ஒரு அபிஷேகம் பண்ணியிருக்க மாட்டோமா?” என்று அழுதவர்கள் உண்டு. டீச்சர் செய்தது சரியா, தப்பா என்று இரண்டு கட்சி.

நீங்கள் எந்தக் கட்சி?

அவசரப்படாதீர்கள். சொல்லியிருந்தால் உதவி கிடைத்திருக்கும் என்பது உண்மை. பணம் வேண்டியும் இருந்தது. ‘நோயை மறைக்கக் கூடாது, நாலு பேருக்குச் சொன்னால்தான் நல்ல டாக்டர் யாரென்று தெரியும்’ என்பதும் அனுபவப்பட்டவர்கள் சொல்வதுதான். அதிலும் இந்த நோய் நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது. இதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. (பேச்சோடு பேச்சாக ஒன்று. வாசகியரே, மார்பில் கட்டி என்று சந்தேகம் வந்தால் நேர்த்திக்கடன் வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்கள்.) அவள் அப்படிச் சிகிச்சையை ஒளித்துவைக்கவில்லை. வீட்டுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். எங்களிடமிருந்து மட்டும்தான் மறைத்தாள். ஏன்?

நானே அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

“இந்த ஊர்ல எல்லாருக்கும் நான் வாழாம வந்தவ. ஆஸ்பத்திரியில கேன்சர் கேஸ். என் பையனுக்கு அம்மா. நான் முதல் மார்க் வாங்கினவன்னு உலகத்துல தெரிஞ்சது உங்க முப்பது பேருக்குத்தான். அந்த முப்பது பேர் மனசுலயாவது நான் அப்படியே இருந்துட்டுப் போறேனேன்னு நினைச்சேன்.”

யோசித்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் கதை இதுதானே? கல்யாணமாகி வந்த வீட்டில் நாம் இன்னாருடைய மருமகள், இன்னாருடைய மனைவி. பள்ளிக்கூட வாசலில் இன்னாருடைய அம்மா. அபார்ட்மென்ட்டில் ‘மூணாவது மாடி ஆன்ட்டி’. பதினெட்டு வயதில் நாம் எப்படிச் சிரித்தோம், எதற்குக் கோபப்பட்டோம், என்னவாக ஆசைப்பட்டோம் என்பதைப் பார்த்தவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை. பிறந்த வீட்டில் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சம் இருப்பது கூடப் படித்தவர்கள்தான். நம்முடைய பழைய முகம் அவர்களிடம் அடைமானம் போல இருக்கிறது! அதனால்தான் அவர்களைப் பற்றிய செய்தி, தெருவில் யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி போல இல்லாமல் உள்ளே போய் இடிக்கிறது.

இப்போது குசேலர் கதைக்கு வருகிறேன். ‘தெரிந்த கதைதானே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உஜ்ஜயினியில் சாந்தீபனி முனிவரின் குருகுலத்தில் கண்ணனோடு படித்தவர் குசேலர். படிப்பு முடிந்து பல வருஷம் கழித்து இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் துவாரகையின் தலைவர். இன்னொருவர் கிழிந்த ஆடையில், தலைச்சுற்றும் பசியோடு நிற்கிறவர். ‘குசேலர்’ என்பதே கந்தல் உடுத்தியவர் என்று ஊர் வைத்த பெயர்தான். பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் இந்தக் கதை இரண்டு அத்தியாயங்களில் வருகிறது. வறுமை தாளாமல், “உங்கள் சிநேகிதரைப் போய்ப் பாருங்களேன்” என்று சொல்லி அனுப்பியது மனைவி. அக்கம்பக்கத்தில் நான்கு பிடி அவல் கடன் வாங்கி, கந்தலில் முடிந்து கொடுத்ததும் அவள்தான். பாகவதம் அந்த அம்மாளுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பல நாள் வருத்தம்.

சரி, கண்ணன் குசேலரைக் கட்டிக்கொண்டான், காலைக் கழுவினான், தன் கட்டிலிலேயே உட்கார வைத்தான். ருக்மிணி விசிறினாள். அதன் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘என்ன சம்பாதிக்கிறாய்’ என்றில்லை. ‘ஏன் இப்படி இளைத்துவிட்டாய்’ என்றும் இல்லை. குருகுலம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு உனக்கேற்ற மனைவி அமைந்தாளா என்று கேட்கிறான். நாம் கல்யாண மண்டபத்தில் கேட்பதையேதான்! அடுத்து அவன் பேசுவது பழைய கதை. குருபத்தினி விறகு கொண்டுவரச் சொன்னார்களே, காட்டுக்குப் போனோமே, புயலும் மழையும் பிடித்துக்கொண்டதே, திசை தெரியாமல் இரவெல்லாம் கையைக் கோத்துக்கொண்டு அலைந்தோமே, விடிந்ததும் குருநாதர் தேடிக்கொண்டு வந்தாரே... ஞாபகமிருக்கிறதா?

இந்த இடத்தை எத்தனையோ உபன்யாசங்களில் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவல் வந்தால்தானே கதை ருசிக்கும்! எனக்கு என்னவோ, கண்ணன் கொடுத்த முதல் செல்வம் இதுதான் என்று படுகிறது. கந்தலோடு வாசலில் நின்றவரை, ஈர விறகைச் சுமந்து சிரித்த பையனாக அவன் திரும்பவும் ஆக்கிவிட்டான். அதன் பிறகுதான் ‘எனக்கு என்ன கொண்டுவந்தாய்’ என்று மடியில் மறைத்ததைப் பிடுங்கித் தின்கிறான். குசேலர் தம் வறுமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணனும் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. கொடுத்ததைக்கூடச் சொல்லாமல் கொடுத்தான். ஊருக்குத் திரும்பி, குடிசை இருந்த இடத்தில் மாளிகையைப் பார்த்த பிறகுதான் குசேலருக்கே தெரிகிறது. குருவாயூரில் தனுர் மாதத்தின் முதல் புதன்கிழமையைக் குசேல தினமாகக் கொண்டாடி, அவல் நிவேதனம் செய்கிறார்கள். போகும் பாக்கியம் கிடைத்தால், கூடப் படித்த ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் இருக்கிறது. துரோணரும் துருபதனும் ஒரே ஆசிரமத்தில் விளையாடிப் படித்தவர்கள். துருபதன் பாஞ்சால ராஜா ஆனான். துரோணர் வீட்டிலோ பாலுக்கு வழியில்லை. மற்றப் பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததை, பால் என்று நம்பிக் குடித்துவிட்டு அசுவத்தாமன் ஆடினானாம். அதைப் பார்த்த தகப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! பழைய சிநேகிதனை நம்பிப் போனார். துருபதன் என்ன சொன்னான்? சமமானவர்களுக்குள்தான் சிநேகம் உண்டு. அன்றைக்கு ஒரு காரணத்தால் பழகினோம், காலம் அதைத் தேய்த்துவிட்டது என்றான்.

அவன் பசுவைக் கொடுக்காதது சின்ன விஷயம். ‘நீ அன்றைக்கு இருந்தவன் இல்லை’ என்றான் பாருங்கள், அதுதான் அம்பு. துரோணர் அர்ச்சுனனைக் கொண்டு அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டார். துருபதன் பதிலுக்கு, துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று யாகம் செய்தான். அந்த நெருப்பில் திருஷ்டத்யும்னன் வந்தான். திரௌபதியும் வந்தாள். குருக்ஷேத்திரத்தில் பதினைந்தாம் நாள் துரோணர் தலை விழுந்தது. இரண்டு பால்ய சிநேகிதர்கள் ஒருநாள் பேசிய பேச்சு எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா? இதில் துரோணரையும் நான் முழுசாக விட்டுவிட மாட்டேன். தாம் பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளத் தம் மாணவர்களை அனுப்பினாரே, அது எந்த ஊர் நியாயம்?

‘புராணத்தில் சரி, நிஜத்தில் யார் கண்ணன் மாதிரி இருக்கிறார்கள்’ என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறார்கள். அதுவும் நம் தமிழ் படித்தவர்களிலேயே! குசேலர் கதையைத் தமிழில் ‘குசேலோபாக்கியானம்’ என்று பாடியவராக வல்லூர் தேவராசப் பிள்ளையின் பெயர் நூலில் இருக்கிறது. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்த மகாவித்துவானிடம் படித்தவர்கள்தான் தியாகராச செட்டியாரும், உ.வே.சாமிநாதையரும், சவேரிநாதப் பிள்ளையும். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று தமிழில் சொல்வது வழக்கம். எவ்வளவு அழகான சொல்!

சவேரிநாதப் பிள்ளை கிறிஸ்தவர். திருவாவடுதுறை சைவ மடத்தின் நிழலில் உட்கார்ந்து, ஐயரோடு சேர்ந்து தமிழ் படித்தார். 1876 பிப்ரவரி 1-ம் தேதி ஆசிரியர் உயிர் பிரியும் நேரத்தில், அவரைத் தம் மார்பில் சார்த்திக்கொண்டவர் அந்தச் சவேரிநாதப் பிள்ளைதான். பக்கத்தில் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். தம் வாழ்க்கை வரலாற்றில் ஐயர் இந்தக் காட்சியை எழுதியிருக்கிறார்.

தியாகராச செட்டியார் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர். உடம்பு தளர்ந்து, வேலையை விட வேண்டிய நேரம் வந்தது. அந்த இடத்துக்கு எத்தனை பேர் காத்திருந்திருப்பார்கள்! செட்டியார் நேரே திருவாவடுதுறைக்குப் போனார். தமக்குப் பின் படித்த சாமிநாதையரை அந்த வேலைக்குத் தரும்படி ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டார். தேசிகருக்கு அவரைப் பிரிய மனசில்லை. விடாமல் கேட்டு, சம்மதிக்க வைத்து, காலேஜ் பிரின்சிபால் கோபாலராவிடம் தாமே எடுத்துச் சொன்னார். 1880-ல் ஐயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வருஷம் கும்பகோணத்தில்தான் சேலம் ராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் தொடங்கிய தேடல்தான் 1887-ல் சீவகசிந்தாமணி அச்சாக வந்ததும், பின்னால் வந்த மற்றப் பழைய நூல்களும். செட்டியார் மட்டும் ‘எனக்குப் பிறகு எவன் வந்தால் என்ன’ என்று இருந்திருந்தால்?

ஐயர் பின்னாளில் சென்னையில், திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியிருந்த சொந்த வீட்டுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘தியாகராச விலாசம்’. தம் பெயரும் இல்லை, பிள்ளை பெயரும் இல்லை. கடிதம் எழுதுகிற ஒவ்வொருவரும் விலாசத்தில் அந்தப் பெயரை எழுத வேண்டும். தபால்காரர் அதைப் படிக்க வேண்டும்! அந்த வீட்டை 2012-ல் இடித்துவிட்டார்கள். மகாவித்துவானின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி வைத்துவிட்டுத்தான் ஐயர் போனார். ஆசிரியரோடு கூடப் படித்தவர்களும் அதில் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறார்கள்.

இப்போது திரும்பவும் சோழபுரத்துக்கு.

‘பாவம்டி அவ!’ இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் பயந்தாள். அன்பில் சொல்கிற வார்த்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது நாம் மேலே நின்றுகொள்கிறோம், அவளைக் கீழே நிற்க வைக்கிறோம். ராஜபாளையம் பக்கத்தில் தேவதானம் கோயிலைத் தரிசித்திருக்கிறீர்களா? அங்கே சிவனுக்குப் பெயர் நச்சாடை தவிர்த்த லிங்கம். பகையரசன் ஒருவன் நட்பாக இருப்பதுபோல் நடித்து, விஷம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்ப, அதிலிருந்து பாண்டியனைக் காத்த சுவாமி என்கிறது தலவரலாறு. பார்வைக்குப் பட்டாடை! போர்த்திக்கொண்டால்தான் எரியும். சில பேருடைய அனுதாபமும் அப்படித்தான். நம்முடையது அப்படிப்பட்டதல்ல என்று நாம் நினைக்கலாம். போர்த்திக்கொள்கிறவளுக்குத்தான் சூடு தெரியும்.

நான் டீச்சர் கட்சிதான். அவளுடைய நோயைப் பற்றிய செய்தி அவளுடைய சொத்து. அதை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை, நல்ல எண்ணமாகவே இருந்தாலும். சிகிச்சைக்கு வழியில்லாமல் உயிருக்கே ஆபத்து என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் அவளிடம் கேட்டு, ‘யாருக்குச் சொல்லட்டும்?’ என்று அவள் வாயாலேயே ஒரு பெயர் வாங்க வேண்டும். டீச்சர் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். பணம் போதவில்லை என்று தெரிந்ததும் அவளிடம் கேட்டாள். ஒரே ஒரு பெயர் கிடைத்தது. அந்த ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைகளில் போய் டீச்சர் என்ன செய்தாள் என்று கேட்டேன். பழம், ஹார்லிக்ஸ் என்று அடுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டுகளை எடுத்துக்கொண்டு போவாளாம்! “இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது சரியாடி? மதுரைக் காண்டத்துல இது எங்கே வருது?” என்று கேட்பாளாம். மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி இவள் விளக்கம் சொல்லுவாளாம். டீச்சருக்குத் தெரியாததா? இருபது வருஷமாகப் பாடம் நடத்தப்போகிறவள்... இன்னும் சில வருஷத்தில் தலைமையாசிரியை ஆகக்கூடியவள். ஆனாலும் கேட்டாள். காட்டில் சுமந்த விறகைப் பற்றிக் கண்ணன் கேட்டானே, அந்தப் பேச்சுத்தான் இதுவும்.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதியதோடு விடவில்லை. நட்பாராய்தல் என்று ஒன்று, அதை அடுத்து ‘பழைமை’ என்று தனியாக ஒன்று. புது சிநேகத்தை ஆராய்ந்து பார்க்கச் சொன்னவர், பழைய சிநேகத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதே என்கிறார். நாள்பட்ட உரிமையில் அவர்கள் கேட்காமல் ஒன்றைச் செய்தால்கூடப் பொறுத்துக்கொள் என்பதே அந்த அதிகாரத்தின் போக்கு. அழுது சண்டை போட்ட தோழிகளுக்கு இதைச் சொன்னேன். “உனக்கென்ன, பத்திரிகைக்காரி, எதுக்கும் ஒரு குறள் வச்சிருப்பே!” என்றார்கள். கோபம் பாதி குறைந்தது. மீதி இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தி இதையெல்லாம் எப்போதோ செய்து காட்டிவிட்டாள். ஆமாம், ஆண்டாள்தான்! திருப்பாவை முப்பது பாட்டில், ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை பத்துப் பாட்டு முழுக்கத் தோழிகளை எழுப்புவதற்கே போகிறது. மார்கழிக் குளிரில் நேரே கோயிலுக்குப் போயிருக்கலாமே? போகவில்லை. வீடு வீடாகப் போகிறாள். ஒன்பதாம் பாட்டில் வருகிற தோழியின் வீடு மணிகள் இழைத்த மாடம்; சுற்றிலும் விளக்கு, தூபம், மெத்தை. பன்னிரண்டாம் பாட்டில் வருகிறவள் வீட்டு வாசலோ எருமைப் பால் சொரிந்து ஒரே சேறு. பனி தலையில் விழ அந்த வாசற்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு வாசலிலும் ஒரே குரல்தான். மாடத்து வாசலில் கூச்சமும் இல்லை, சேற்று வாசலில் இளக்காரமும் இல்லை.

மாடத்துத் தோழி எழுந்திருக்கவில்லை என்றதும், அவள் அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பெண்ணுக்கு வாய் பேச முடியவில்லையா, காது கேட்கவில்லையா, யாராவது மந்திரம் போட்டுவிட்டார்களா என்று விசாரிக்கிறாள். கேலிதான். ஆனால் என்ன ஆயிற்றோ என்ற கவலையும் அதில் இருக்கிறது. பதில் வராத வாசலை அவள் தாண்டிப் போவதே இல்லை, கவனித்தீர்களா? நமக்கு இரண்டு தடவை போனை எடுக்கவில்லை என்றாலே, ‘பெரிய ஆளாயிட்டா’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பதினைந்தாம் பாட்டு பேச்சும் மறுபேச்சுமாகவே போகும். உள்ளே படுத்திருக்கிறவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள், வந்துவிட்டார்கள், நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறார்கள். படித்த காலத்தில் எங்களுக்கு இது வெறும் செல்லச் சண்டையாகத்தான் பட்டது.

போன மார்கழியில் எங்கள் வகுப்பில் வர முடிந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்ந்தோம். சோழபுரத்துக்காரியும் வந்தாள். தலைமுடி காதளவு வளர்ந்து சுருண்டிருந்தது. ஆண்டாள் சந்நிதிக்கு வெளியே எல்லோரும் பால்கோவா வாங்கிக்கொண்டு, யார் யாருக்கு எந்தக் காலில் வலி என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் விரலை மடக்கி எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது பேர். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பத்துப் பேரில் ஏழு பேர் வர முடியவில்லை என்று தகவல் சொன்னவர்கள்.

“மூணு பேர் எங்கே இருக்காங்கன்னே தெரியலையா?” என்றாள். பஸ்ஸில் திரும்பும்போதே, அதில் ஒருத்தியின் அம்மா வீடு சிவகாசியில் எந்தத் தெரு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.